விண்வெளியில் ஒரு வாணி விழா

மனிதகுல வரலாற்றில் விண்வெளியில் வாணி விழா நடத்திய முதல் ஆள் அடியேன்தான். இதைத் தற்பெருமை என்று யாரும் எண்ண வேண்டாம். பாராட்டுக் கடிதம் இருக்கிறது. நான் ராக்கெட் ஏறவில்லை. தலையில் கண்ணாடிக் கூண்டு மாட்டவில்லை. கிளிநொச்சி மாவட்டத்துக் கண்டாவளையில் ஒரு சுவரோரமாக நின்றபடி, சந்தனம் பூசிய பெருவிரலால் ஒரு சுவிட்சைத் தட்டினேன். அந்தரத்தில் கலைமகள் எழுந்தருளினாள்.

நடந்ததை முறைப்படி சொல்கிறேன்.

எங்கள் நிறுவனத்தின் பெயர் ‘விண்வெளி உயிரியல் ஆய்வுத் தரைத்துணை நிலையம்’. முன்பு நெல்மூட்டை அடுக்கிய கட்டடம். பெயர்ப்பலகை கட்டடத்தைவிட நீளமாகிவிட்டதால் ‘நிலையம்’ என்ற சொல் மட்டும் வேலியைத் தாண்டிப் பக்கத்துத் தாய்சேய் கிளினிக்கின் வளவுக்குள் நிற்கிறது. அங்கே வரும் தாய்மார் அதன் நிழலில் சைக்கிள் விடுவார்கள். அந்தக் கிளினிக்குக்கு நாங்கள் செய்துவந்த சேவை அது ஒன்றுதான்.

நிலையத்தில் இருப்பது ஒரேயொரு கருவி. வெள்ளைப் பெட்டி. பார்த்தால் சின்ன அலுமாரி மாதிரி இருக்கும். உள்ளே இரண்டு தட்டு, ஒவ்வொன்றுக்கும் தனிக் கதவு. மேல்தட்டில் வெப்பம் இருபத்திரண்டு பாகை. அங்கே மொட்டைக்கறுப்பன் நெல் முளைக்கிறது. கீழ்த்தட்டில் நான்கு பாகைக் குளிர். ஆய்வு முடிந்தபின் முளைகளை வெட்டிப் பழுதாகாமல் வைப்பதற்கு. அதுவரை அது வெறும் தட்டு.

இதே பெட்டி, இதே நெல்லோடு, விண்வெளி நிலையத்திலும் ஒன்று இருக்கிறது. இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். எடையில்லாத இடத்தில் நெல் எப்படி முளைக்கிறது என்று அறிய வேண்டுமானால், எடையுள்ள இடத்தில் அதே சூட்டில், அதே குளிரில் அது எப்படி முளைக்கிறது என்றும் பார்க்க வேண்டுமாம். ஒன்றுக்கு நடப்பதெல்லாம் மற்றதற்கும் நடக்க வேண்டும். வித்தியாசம் வந்தால் ஆய்வு பாழ்.

இந்த ஆய்வின் தாய் கலாநிதி யதுர்ஷிகா. நோர்வேயில் பிறந்து வளர்ந்து, அங்கேயே கலாநிதிப் பட்டம் பெற்றவர். “அப்பாவின்ர ஊர் நெல்தான் மேல போகும், கீழ்ப்பெட்டியும் அப்பாவின்ர ஊரிலதான் நிக்கும்” என்று பிடிவாதமாக நின்று வென்றவர். அவருடைய தமிழ் குசினியில் பழகிய தமிழ். சோறு, சுகம், கோபம், தடிமன் காய்ச்சல் எல்லாவற்றையும் அதில் சொல்லலாம். ‘மேற்படி விடயம் தொடர்பாக’ என்று மட்டும் சொல்ல முடியாது. எங்கள் பக்கத்து ஆண்கள் எல்லோரும் அவருக்கு ‘அங்கிள்’. எனக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை என்பதை இங்கே பதிவுசெய்ய விரும்புகிறேன்.

நான் ‘வெப்பநிலை உத்தியோகத்தர்’. அதற்கு முன் அபிவிருத்தி உத்தியோகத்தராக வேறோர் அலுவலகத்தில் இருந்தேன். இருந்தேன் என்பதுகூடச் சரியில்லை. அங்கே பட்டதாரிகள் பதினொரு பேர், கதிரைகள் நாலு. அந்தக் காலத்தில் நான் அபிவிருத்தி செய்தது காலையில் ஓடிவரும் வேகத்தை மட்டும்தான்.

புதிய பதவியில் கடமை ஒன்றே ஒன்று. தினமும் காலையில் இரண்டு தட்டின் பாகையையும் பார்த்து யதுர்ஷிகாவுக்கு மின்னஞ்சல் அனுப்புவது. வெறும் இலக்கத்தை மட்டும் அனுப்புவது மரியாதையாகப் படவில்லை. பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதப் பழக்கிய முறையில், அடியில் ஒரு வரி சேர்த்துக்கொள்வேன்: ‘இங்கு யாவரும் நலம். தங்கள் நலமறிய ஆவல்.’ அவர் இலக்கத்துக்கு நன்றி சொல்வதில்லை. அந்த வரிக்குத்தான் பதில் வரும்: ‘கேக்கச் சந்தோசம் அங்கிள். நானும் சுகம்.’

இனி வாணி விழா.

எல்லா அலுவலகங்களையும்போல எங்களிடமும் நவராத்திரியின் கடைசி நாள் ஆயுதங்களைக் கலைமகளின் படத்துக்கு முன் வைத்துப் பொட்டிட்டு, மறுநாள் காலைவரை தொடாமல் விடுவது வழக்கம். அவலும் கடலையும் வந்தன. பணிப்பாளர் இளையதம்பி சேர் வேட்டியில் வந்தார்.

“தம்பி அனோஜன், ஆயுதமெல்லாம் வைச்சாச்சோ?”

“வைச்சாச்சு சேர். கொம்பியூட்டர், திகதி முத்திரை, ஸ்டேப்ளர், உங்கட மோட்டச்சைக்கிள் திறப்பு, எல்லாம்.”

“பெட்டிக்குப் பொட்டு?”

“வைக்கிறன் சேர்.”

பொட்டு வைத்தேன். வைத்தபின்தான் மனதில் உறுத்தியது. ஸ்டேப்ளர் ஓய்வெடுக்கிறது. முத்திரை ஓய்வெடுக்கிறது. நிலையத்தின் முதன்மை ஆயுதம் மட்டும் கலைமகளுக்கு முன்னால் உர்ர் என்று வேலை செய்துகொண்டு நிற்கிறது. மண்வெட்டிக்குக் கொடுக்கும் ஓய்வை விண்வெளிக் கருவிக்கு மறுக்க நான் யார்? யாரிடமும் கேட்கவில்லை. சுவிட்சைத் தட்டினேன்.

பெட்டி கூவத் தொடங்கியது. அபாய மணியாம். எங்கள் தேவாரத்தோடு பெட்டியும் சேர்ந்து பாடுகிறது என்று நினைத்து நாங்கள் இன்னும் உரத்துப் பாடினோம். சுருதி சேர்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும். பெட்டிக்குள் இருந்த சின்ன மின்கலம் தீர்ந்ததும் அது அடங்கியது. நாங்கள் கடலை சாப்பிட்டோம்.

மறுநாள் காலை தொலைபேசி.

“அங்கிள், பெட்டி செத்துப் போச்சா?”

“இல்லைப் பிள்ளை. ஓய்வில இருக்குது.”

“என்ன ஓய்வு?”

சொன்னேன். மறுமுனையில் மூச்சு இழுத்துவிடும் சத்தம் கேட்டது. அழுகிறாரோ என்று பயந்தேன்.

“சரி அங்கிள். மேல இருக்கிற பெட்டியையும் அவ்வளவு நேரம் நிப்பாட்டச் சொல்லுறன். அப்பதான் ரெண்டும் ஒண்டு.”

நிறுத்தினார்கள். எத்தனையோ நாட்டுப் பொறியியலாளர்கள் சேர்ந்து உறுதிசெய்து, விண்வெளியில் ஓர் ஆயுதத்துக்கு ஓய்வு கொடுத்தார்கள்.

இளையதம்பி சேர் அதற்குள் என்னிடம் விளக்கம் கோரும் கடிதத்தைத் தட்டெழுதத் தொடங்கியிருந்தார். செய்தி வந்ததும் அது பாராட்டுக் கடிதமாகத் தரமுயர்த்தப்பட்டது. ‘கவனயீனத்தை’ என்ற சொல்லை அழித்து ‘கலைப்பற்றை’ என்று போட்டார்கள். மிச்ச வசனத்தை மாற்ற மறந்துபோனார்கள். ‘தங்கள் கலைப்பற்றை இத்தால் வன்மையாகக் கண்டிப்பதுடன்’ என்று தொடங்கும் அந்தப் பாராட்டு, என் வீட்டுச் சுவரில் சட்டம் போட்டுத் தொங்குகிறது.

அதன்பிறகு பெட்டிக்கு வந்த வாழ்வை எழுத்தில் அடக்க முடியாது. இனி ஒரு கணமும் அது நிற்கக் கூடாது என்று இரண்டு கிழமைக்குள் ஜெனரேற்றர் வந்தது. ஜெனரேற்றர் பழுதானால் என்று மின்கலங்கள் வந்தன. மின்கலங்களுக்கு வெக்கை ஆகாது என்று அறைக்குக் குளிரூட்டி வந்தது. தரைக்குப் பளிங்கு ஓடு பதித்தார்கள். வாசலில் ‘பாதணிகளைக் கழற்றவும்’ என்று எழுதினோம். சனம் கழற்றியது. சிலர் கும்பிட்டும் விட்டுப் போனார்கள். நான் தடுக்கவில்லை.

இந்த நிலையில்தான் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மருத்துவமாது தாட்சாயினி அக்கா வந்தார். செருப்பைக் கழற்றவில்லை. நேரே பெட்டியைப் பார்த்தார்.

“தம்பி, உந்தக் கீழ்த்தட்டில என்ன இருக்கு?”

“நாலு பாகை இருக்கு அக்கா.”

“சாமான் என்ன இருக்கு?”

“சாமான் ஒண்டுமில்லை.”

“அப்ப நல்லதாப் போச்சு. எங்கட பிறிட்ஜ் மாசியில இருந்து பழுது. எழுதிப் போட்டன். ஒருத்தர் வந்து பாத்து, ‘பரிசோதிக்கப்பட்டது’ எண்டு ஒரு துண்டு ஒட்டிப்போட்டுப் போனார். இப்ப அது பரிசோதிக்கப்பட்ட பழுது.”

குளிர்சாதனப் பெட்டி இல்லாமல் அவருக்கு வந்த சிக்கல் இது. குழந்தைகளுக்கான தடுப்பூசி மருந்து செவ்வாய்க்கிழமை பின்னேரம் வான் வண்டியில் வரும். கிளினிக் புதன் காலை. இடையில் ஓர் இரவு அதைக் குளிரில் வைக்க வேண்டும். இதுவரை ஐஸ் பெட்டியில் வைத்துக் காப்பாற்றிவந்தார். ஐஸ் விடியுமுன் கரைந்துவிடுகிறது. மருந்தைக் குப்பையில் கொட்டிய புதன்களும் உண்டு. மேலிடத்திலிருந்து இப்போது உத்தரவு வந்துவிட்டது: மார்கழி முடிய முன்னர் குளிர்வசதி காட்டாவிட்டால், தையிலிருந்து கண்டாவளைக்கு மருந்து வராது. தாய்மார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டவுனுக்குப் போக வேண்டும்.

“மாரியில ரோட்டுக்கு மேலால தண்ணி பாயுறது தெரியும்தானே. ரெண்டு பஸ். அதுவும் வந்தால். கைக்குழந்தையோட ஆர் போகப் போகினம்? போகாயினம். ஊசி விடுபட்டுப் போகும். ஒரு ராவுக்கு இதுக்குள்ள வைக்கலாமோ? ஓமெண்டா ஓம், இல்லையெண்டா இல்லை. சொல்லு.”

“கேட்டுச் சொல்லுறன் அக்கா” என்றேன்.

அரச சேவையின் நடுத்தூண் ‘கேட்டுச் சொல்லுறன்’ என்ற அந்த இரண்டு சொற்கள்தான். சொல்பவனுக்கும் சுகம், கேட்பவருக்கும் நம்பிக்கை. இடையில் எதுவும் நடக்கத் தேவையில்லை. ஆனால் அக்கா என்னைப் பார்த்த பார்வை சரியில்லை. அதனால் உண்மையிலேயே போய்க் கேட்டேன்.

இளையதம்பி சேர் கண்ணாடியைக் கழற்றினார்.

“கொள்கையளவில மறுப்பில்லை.”

“அப்ப வைக்கலாமோ சேர்?”

“நடைமுறையளவில சம்மதமுமில்லை.”

“அப்ப வைக்கக் கூடாதோ?”

“அப்பிடி நான் எங்க சொன்னனான்? தம்பி, நாங்கள் ஒரு சர்வதேச நிலையம். ஓம், இல்லை எண்டு கடைக்காரர் மாதிரிக் கதைக்க ஏலாது. கூட்டத்தில வைப்பம்.”

கூட்டத்தில் வைத்தோம். தேநீரும் றோல்ஸும் முடிந்தபின், தடுப்பூசி ‘உயிரியல்’ பொருளா என்ற ஆழமான விவாதம் நடந்தது. ஆம் என்று முடிவாயிற்று. அடுத்து, அது ‘விண்வெளி’ சார்ந்ததா?

“இந்தப் பிள்ளையள் எதிர்காலத்தில விண்வெளிக்குப் போகக்கூடிய சாத்தியம் இருக்குதோ?” என்று சேர் கேட்டார்.

“கிளிநொச்சிக்கே போக பஸ் இல்லை சேர்” என்றேன்.

“அதைக் குறிப்பில எழுத வேண்டாம்.”

ஓர் உபகுழு நியமிக்கப்பட்டது. அதில் இருப்பவர்கள் நாங்களேதான், ஆனால் வேறு கதிரைகளில். உபகுழு ஒருமனதாக, இந்த விடயம் கூட்டத்தில் வைக்கப்பட வேண்டும் என்று பரிந்துரைத்தது. மறுநாள் காலை வழமைபோல் எழுதினேன்: மேலே இருபத்திரண்டு, கீழே நான்கு, இங்கு யாவரும் நலம்.

மனச்சோர்வு தீர ஜொஹறா ராத்தாவின் தேத்தண்ணிக் கடைக்குப் போனேன். நிலையத்துக்கு எதிரேதான் கடை. போர்க்காலத்தில் முல்லைத்தீவிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்துக்குப் போய், காலம் கழித்துத் திரும்பி வந்த குடும்பம். அவருடைய வட்டிலப்ப இனிப்புக்காக மாவட்டத்தின் பெரிய மனிதர்கள் வாகனத்தைத் திருப்புவார்கள். தாட்சாயினி அக்காவுக்கு வாரா வாரம் ஐஸ் கொடுப்பதும் அவர்தான்.

“என்ன மகன், முகம் கரைஞ்ச ஐஸ் மாதிரிக் கிடக்கு?”

சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டுக் கோப்பையைத் தட்டென்று வைத்தார்.

“போன மாசம் பெரிய ஆள் ஒருத்தர் வந்த அண்டைக்கு, உங்கட சேர் இங்க ஓடி வந்து ஒரு சட்டி வட்டிலப்பம் வாங்கினவர். எங்க வைச்சவர்?”

“கீழ்த்தட்டில.”

“அதுக்கு எத்தினை கூட்டம் வைச்சனீங்க?”

“அது... ‘விருந்தோம்பல் நெறிமுறை’ ராத்தா.”

“நல்ல நெறிமுறை. மகன், நாங்க திரும்பி வந்து எங்கட காணிக்கு அலைஞ்சம்தானே? கந்தோர் கந்தோரா. ஒருத்தரும் எங்களுக்கு இல்லை எண்டு சொன்னதில்லை. எல்லாரும் நல்ல மனிசர். தேத்தண்ணி தந்தாங்க. இல்லை எண்டு சொல்லியிருந்தா அண்டைக்கே அழுது முடிச்சிருப்பம்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் தேநீருக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒன்றும் இல்லை, தேநீர்தான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை எனக்கு ஒரு நோய் தொடங்கியது. மறதி. பின்னேரம் வான் வரும் நேரம் பார்த்து, பெட்டி நிற்கும் குளிரறையைப் பூட்ட மறந்தேன். அக்கா ஐஸ் பெட்டியோடு வந்தபோது அவரைக் காணவும் மறந்தேன். புதன் காலையிலும் அப்படியே. வியாழனுக்குச் சுகமாகிவிட்டது. அடுத்த செவ்வாய் மறுபடி பிடித்தது. ஒழுங்கான நோய். அரச விடுமுறை நாட்களில்கூட வரவில்லை.

புதன்கிழமைகளில் வேலிக்கு அந்தப் பக்கம் குழந்தைகள் வீரிட்டு அழுவது குளிரறைக்குள் கேட்கும். ஊசி குத்தியதும் ஒரு கணம் மௌனம், பிறகு ஓலம். வாணி விழாவில் பெட்டி கூவியதைவிடச் சுருதி சுத்தம். நான் கதிரையில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். சம்பளத்துக்கு வேலை செய்வதுபோல ஓர் உணர்வு. பழக்கமில்லாததால் கொஞ்சம் தலைசுற்றியது.

ஆனால் விஞ்ஞானம் விடாது. பெட்டி தன் சூட்டையும் குளிரையும் தானே கோடாக வரைந்து நோர்வேக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. நீட்டி நிமிர்ந்த கோட்டில் செவ்வாய் ஒரு முள்ளு, புதன் ஒரு முள்ளு. யதுர்ஷிகாவிடமிருந்து மின்னஞ்சல்:

‘அங்கிள், கீழ்க் கதவு செவ்வாயும் புதனும் துறக்குது. பறவாயில்லை. மேலயும் துறக்கச் சொல்லிட்டன்.’

எழுத்துப்பிழைகளைப் பொருட்படுத்தாமல் அதைப் பலமுறை வாசித்தேன். உலகத்தின் எந்தக் கிளினிக்குக்கும் கிடைக்காத பெருமை இது. செவ்வாய் பின்னேரம் கண்டாவளைக்கு வான் வரும் நேரத்தில், பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு விண்வெளி வீராங்கனை மிதந்து வந்து, பெட்டியின் கீழ்க் கதவைத் திறக்கிறார். உள்ளே ஒன்றுமில்லை. மூடுகிறார். புதன் காலை மீண்டும் மிதந்து வருகிறார். அப்போதும் ஒன்றுமில்லை. பாவம், அவருக்கு அங்கே அழுவதற்கு ஒரு குழந்தைகூட இல்லை.

மின்னஞ்சலின் பிரதி இளையதம்பி சேருக்கும் போயிருந்தது.

“தம்பி, கதவை ஆர் திறக்கிறது?”

“மறதியாக் கிடக்கு சேர்.”

அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். பிறகு வேலிப் பக்கம் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்கு ஓர் அதிகாரி எவ்வளவு பாடுபட வேண்டும் என்பதை அன்றுதான் கண்டேன்.

“காரணம் ஒண்டு எழுத்தில வேணும். ‘வாராந்த உள்ளக அவதானிப்பு’ எண்டு போடுவம். நானே கலாநிதிக்கு விளங்கப்படுத்துறன்.”

வீடியோக் கூட்டம், நோர்வேயில் யதுர்ஷிகா வேலைக்குக் கிளம்புமுன் என்று, இங்கே புதன்கிழமை காலைக்கு வைக்கப்பட்டது. முந்தின நாள் வந்த மருந்து கீழ்த்தட்டில் இருந்தது. மழை பிடித்துக்கொண்டிருந்தது. குளிரறையிலேயே மடிக்கணினியை வைத்து, சேர் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். திரையில் யதுர்ஷிகா, கம்பளிச் சட்டையோடு, கையில் கோப்பையோடு.

“மதிப்பார்ந்த கலாநிதி அவர்களே, கீழ்த்தட்டின் கதவானது வாராந்த உள்ளக அவதானிப்பின் பொருட்டு உரிய நெறிமுறைகளுக்கமையத் திறக்கப்பட்டு வருகின்றமையை...”

“அங்கிள், விளங்கேல்லை. கதவை ஏன் துறக்கிறீங்கள்?”

“அவதானிப்பதற்கு.”

“எதைப் பாக்க? உள்ள ஒண்டும் இல்லையே.”

சேருக்கு அனுபவம் கைகொடுத்தது.

“அதைத்தான். ஒன்றுமில்லாமையை.”

“ஒவ்வொரு கிழமையுமா?”

“கூடிக் குறையலாம் அல்லவா?”

யதுர்ஷிகா கோப்பையை வைத்துவிட்டார்.

அப்போது கதவு திறந்தது. மழைக்கோட்டில் தண்ணீர் சொட்ட, ஐஸ் பெட்டியோடு தாட்சாயினி அக்கா. திரையை அவர் கவனிக்கவில்லை.

“தம்பி, மருந்தை எடுக்கிறன். இந்த மழைக்குள்ளயும் பிள்ளையள் வந்து கிடக்குதுகள். ஒண்டு என்ர மடியிலயே...” என்றவர் கழுத்துப்பட்டியைக் கண்டார். “ஐயையோ, சேர்!”

இனி மறைக்க முடியாது என்று அக்காவுக்கு விளங்கியது. என் வேலை போகும் என்று எனக்கு விளங்கியது.

“அன்ரி, அது என்ன?” என்றது திரை.

அக்கா நிமிர்ந்தார். கிளினிக் மூடுவதென்றால் இப்போதே மூடட்டும் என்ற முகம்.

“பிள்ளையளுக்குப் போடுற தடுப்பூசி மருந்து, பிள்ளை. எங்கட பிறிட்ஜ் மாசியில இருந்து பழுது. திருத்துவார் இல்லை. உங்கட பெட்டிக்குள்ள களவாத்தான் வைச்சனான். இந்தத் தம்பியில பிழையில்லை, அவனுக்கு மறதி. வைக்க இடமில்லையெண்டா தையில இருந்து எங்கட கிளினிக் இல்லை.”

“எத்தினை பாகை வேணும்?”

“நாலு அஞ்சு இருந்தாக் காணும்.”

“அப்ப வையுங்கோ.”

“ஓமோ?” என்றார் அக்கா.

“ஓம்.”

அவ்வளவுதான். கூட்டங்களும் உபகுழுவும் கொள்கையளவும் நடைமுறையளவும் சுமந்து திரிந்த அந்தச் சொல், ஒரு மூச்சில் வந்து விழுந்தது. அக்கா ஐஸ் பெட்டியைத் தரையில் வைத்தார்.

“ஆனால் கலாநிதி அவர்களே, உபகுழுவின் தீர்மானம் இன்னும்...”

“உபகுழு எண்டா என்ன அங்கிள்?”

அறையில் உபகுழுவின் அங்கத்தவர்கள் இருவர் இருந்தோம். இருவருக்கும் தெரியவில்லை.

“கீழ்த்தட்டு எனக்கு ஆய்வு முடியேக்கதான் வேணும்” என்றார் யதுர்ஷிகா. “அதுக்கு முதல் அன்ரிக்கு வேற பிறிட்ஜ் ஒண்டு எடுப்பம், நானும் ஆக்களைப் பிடிக்கிறன். அதுவரைக்கும் நீங்கள் செவ்வாய் வைச்சுப் புதன் எடுங்கோ. மேலயும் துறந்து மூடுவினம். அவைக்கும் ஏன் எண்டு சொல்லுறன். சந்தோசப்படுவினம்.”

அக்கா மழைக்கோட்டின் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மழைத்தண்ணிதான் என்று எடுத்துக்கொண்டேன். கீழ்க் கதவைத் திறந்தார். விண்வெளியிலும் ஒருவர் மிதந்து வர ஆயத்தமாகியிருப்பார்.

எனக்குத் திடீரென்று வீரம் வந்துவிட்டது. இவ்வளவு காலமும் அடக்கிவைத்த நியாயம். கேட்க வேண்டிய கேள்வியை, கேட்க வேண்டிய ஆளிடம், மேலிடத்துக்கும் மேலான இடத்திடம், நிமிர்ந்து நின்று கேட்டேன்.

“பிள்ளை, நான் ஒண்டு கேக்கலாமோ? இந்தப் பெட்டி ஒரு ராத்திரி நிண்டதுக்கு ஆகாயத்தில பெட்டியை நிப்பாட்டினீங்கள். ஜெனரேற்றர் அனுப்பினீங்கள். ஏ.சி. பூட்டினீங்கள். வேலிக்கு அங்கால அந்தப் பிறிட்ஜ் மாசியில இருந்து நிக்குது. பச்சைப் பிள்ளையளின்ர மருந்து. அது மட்டும் ஏன் உங்களுக்குத் தெரியாமப் போச்சு?”

சேர் நிலத்தைப் பார்த்தார். தாட்சாயினி அக்கா முதன்முறையாக என்னை மரியாதையோடு பார்த்தார். வெளியே ஒரு குழந்தை ஊசிக்கு முன்னதாகவே அழத் தொடங்கியிருந்தது.

யதுர்ஷிகா கோபிக்கவில்லை. சுற்றிவளைக்கும் தமிழ்தான் அவரிடம் இல்லையே. குரலில் குற்றம் சாட்டுவதுபோலவும் இல்லை; தெரியாத ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்பவர்போலத்தான் சொன்னார்.

“நீங்கள்தானே அங்கிள் ஒவ்வொரு நாளும் எனக்கு எழுதினனீங்கள், ‘இங்கு யாவரும் நலம்’ எண்டு.”